வீட்டு சர்வரில் காசு வாங்கி ஹோஸ்டிங் கொடுக்கலாமா?

சுங்கை சிப்புட் தோட்டத்து வீட்டில் பழைய கணினியை சர்வராக்கி, நாலு கடைக்காரர்களின் இணையதளத்தை மாதக் காசுக்கு வைத்துக்கொடுப்பது சட்டப்படி சரியா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. செய்யலாம். ஆனால் முதல் தடை சட்டத்தில் இல்லை, உங்கள் இணைய ஒப்பந்தத்தில் இருக்கும். வீட்டுத் திட்டங்களில் பெரும்பாலும் ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று போட்டிருப்பார்கள். மீறினால் போலீஸ் வராது, லைனை வெட்டுவார்கள். இணையத்தில் உங்கள் கணினியைக் கண்டுபிடிக்க உதவும் ஐபி முகவரியும் மாறிக்கொண்டே இருக்கும். நிலையான ஐபி தரும் வணிகத் திட்டத்துக்கு மாறிவிடுங்கள்.

அப்புறம் பதிவு. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப்பெயர் வைத்தால் 60. இணையம் வழியாகக் கணினி வசதியை வாடகைக்குக் கொடுக்கும் கிளவுட் சேவை, 2022 முதல் தொடர்பு பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியின் உரிமத்துக்குள் வந்துவிட்டது. உங்கள் சேவை அதில் சேருமா என்று அவர்களிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். வாடிக்கையாளர் விவரங்களுக்கு 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

எனக்குப் பாடம் கற்பித்தது சட்டமில்லை, இடி. ஒரு சாயங்காலம் தொலைபேசியின் செம்புக் கம்பி வழியாக இறங்கி மோடம், ஹார்ட் டிஸ்க் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. கரண்ட் போனால் தாங்கிப்பிடிக்கும் யுபிஎஸ் பெட்டி மட்டும் பச்சை விளக்கோடு சிரித்துக்கொண்டிருந்தது. பேக்கப்? அதே மேசையில், அதே கணினியில் செருகி! மூன்று நாள் முடிதிருத்தகக்கார அண்ணன் “என் கடை எங்கே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது ஒரு நகல் ஈப்போவில் அக்கா வீட்டில் இருக்கிறது.