ஒன்பதாம் மாத ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்

சகோதரி, தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டால் மகனுக்கு ஆட்டிசம் வரும் என்று வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி மாமியார் தடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புரளியின் வேர், 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் குழு எழுதிய கட்டுரை. ஆராய்ந்தது வெறும் 12 குழந்தைகளை, அதிலும் முறைகேடு. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது.

அடுத்த மாதம் கானாடுகாத்தானில் கல்யாணம் என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், பாய் விரித்துப் பிள்ளைகள் வரிசையாகப் படுப்பார்கள். தட்டம்மைக் கிருமி அறைக் காற்றிலேயே இரண்டு மணி நேரம் வரை நிற்கும். பாதுகாப்பில்லாத பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடிக்கும்.

மாமியாரிடம் வாதாடாதீர்கள். அந்தக் காலத்தில் மணல்வாரி என்ற இந்தத் தட்டம்மை கண்ட வீடுகளில் வாசலில் வேப்பிலை செருகிவிட்டு எப்படித் தவித்தார்கள் என்று கேளுங்கள். இந்தப் புதன்கிழமையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரையும் அழைத்துப் போங்கள். எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரமாவது ஆகும்.