சூனியக்காரின்னு பட்டம் கட்டுனாங்க

கேள்வி: ஆஸ்திரேலியாவோட முதல் பெண் பிரதமர் ஜூலியா கில்லார்ட் இவ்ளோ சாதிச்சும் ஏன் அவ்ளோ வெறுப்பு?

பதில்: எனக்கு மனசே ஆறாத விஷயம்ங்க இது. 2010ல பதவிக்கு வந்தவங்க, மெஜாரிட்டியே இல்லாத கவர்மென்ட்ட வச்சுக்கிட்டு 500க்கு மேல மசோதா பாஸ் பண்ணாங்க, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய இன்சூரன்ஸ் திட்டத்தையும் 2013ல சட்டமாக்குனாங்க, ஆனா ஊர் பேச்செல்லாம் அவங்க மூக்கு, குரல், டிரஸ், குழந்தை இல்லைங்கறது பத்திதான். கார்பன் வரிய, அதாவது கம்பெனிங்க வெளியிடற கரியமில வாயுவுக்குப் போடற வரிய, கொண்டு வரமாட்டேன்னு சொன்ன வாக்கை மீறிட்டாங்கன்னு கோபம் இருந்துச்சு, அது அரசியல் கோபம், ஒத்துக்கறேன். அதுக்காக 2011ல நாடாளுமன்றத்துக்கு வெளிய 'சூனியக்காரிய விரட்டு'ன்னு போர்டு பிடிக்கறதா? எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட் அந்த போர்டு முன்னாடியே நின்னு பேசுனாரு. 2012 அக்டோபர்ல சபையில அவரு எதிர்ல நின்னு, பெண் வெறுப்பைப் பத்தி இந்த ஆள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்னு கில்லார்ட் விரல் நீட்டிச் சொன்னப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.