ஜிமெயிலில் அஞ்சல்கள் குறைவாக இருந்தும் இடம் நிரம்பிவிட்டதாக ஏன் வருகிறது?

கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் ஜிமெயிலுக்கு மட்டும் உரியதன்று; டிரைவ், போட்டோஸ் ஆகியவையும் அதையே பங்கிட்டுக்கொள்கின்றன. எனவே, நீங்கள் கேட்டதுபோல் அஞ்சல்கள் சொற்பமாக இருந்தாலும், கைப்பேசி தானாகவே மேலேற்றும் படங்களும் காணொளிகளும் முழு இடத்தையும் விழுங்கிவிட முடியும்.

2021 ஜூன் 1-க்கு முன்பு, தரம் சற்றுக் குறைத்துச் சேமித்த படங்கள் இக்கணக்கில் சேரவில்லை. அதன்பின் ஏற்றியவை சேர்கின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு எடுக்கப்படும் காப்புப்பிரதியும் முன்பு கணக்கில் வராமலிருந்து, 2024 முதல் இதே இடத்தில் சேர்க்கப்பட்டது. பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான் என்பது என் எண்ணம்.

இடம் தீர்ந்தால் புதிய அஞ்சல்கள் வந்து சேராமல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவருக்கு இது சிறிய இடையூறன்று.

அஞ்சல்களை ஒவ்வொன்றாக அழிப்பது வீண் உழைப்பு. கூகுள் கணக்கின் சேமிப்பகப் பக்கத்தில் எந்தச் சேவை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்து, பெரிய காணொளிகளிலிருந்து தொடங்குங்கள். அழித்தவை குப்பைத்தொட்டியில் இருக்கும்வரை இடம் விடுபடாது என்பதால், அதையும் காலி செய்ய வேண்டும்.