காதில் தண்ணீர் போனதால் வந்ததா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றேகால் வயது. நான்கு மாதத்தில் இரண்டாவது முறையாக நடுக்காதில் தொற்று வந்திருக்கிறது. குளிப்பாட்டும்போது காதுக்குள் தண்ணீர் விட்டுவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. காது கேட்காமல் போய்விடுமா டாக்டர்?

பதில்: இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை அம்மா. குளிக்கும்போது புகும் தண்ணீர் செவிப்பறை வரைதான் போகும். செவிப்பறையில் ஓட்டை இல்லாதவரை அதைத் தாண்டி உள்ளே போக வழியே கிடையாது. நடுக்காது இருப்பது அந்தப் பறைக்குப் பின்னால். அங்கே தொற்று போவது மூக்கு வழியாக.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து காற்றை உள்ளே விடும். பெரியவர்களுக்கு இந்தக் குழாய் நீளமாக, நன்றாகச் சரிந்து இருக்கும். குழந்தைகளுக்கோ குட்டையாக, ஏறக்குறைய படுத்தவாக்கில் இருக்கும். சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும். காற்று போகாததால் உள்ளே நீர் கோர்க்கிறது. மூக்கிலிருந்து வந்த கிருமிகள் அந்த நீரில் பெருகிச் சீழாகி, செவிப்பறையை வெளியே தள்ளுகின்றன. குழந்தை ராத்திரியில் வீறிட்டு அழுவது அந்த அழுத்தத்தால்தான். சளி பிடித்து இரண்டு மூன்று நாள் கழித்துக் காது வலி வருவதும் இதனால்தான்.

மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு முறையாவது இது வந்துவிடும். 6 மாதம் முதல் 2 வயது வரைதான் மிக அதிகம். குழாய் வளர வளரத் தானாகவே குறையும்.

கேட்கும் திறன் பற்றிய பயம் நியாயமானதுதான். வலி போன பிறகும் சில வாரங்கள் நீர் தங்கும். அதுவரை காது கொஞ்சம் மந்தமாக இருக்கும். பெரும்பாலும் 3 மாதத்துக்குள் வற்றிவிடும். வற்றாவிட்டால் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் இது பேச்சு வரும் வயது. 6 மாதத்தில் 3 முறை வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும், இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று இருந்தாலும், காதில் சீழ் வடிந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும். மற்றவர்களுக்கு வலி லேசாக இருந்தால் வலி மருந்து மட்டும் கொடுத்து, இரண்டு மூன்று நாள் மருத்துவர் கண்காணிப்பில் பார்க்கலாம். காதுக்குள் நீங்களாக எதையும் ஊற்றாதீர்கள், குடையவும் வேண்டாம்.

அப்புறம், வீட்டில் யாராவது புகைபிடித்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் புகை இந்தத் தொற்றை அடிக்கடி வரவழைக்கும். புட்டிப்பால் என்றால் தலையைத் தூக்கிவைத்துக் கொடுங்கள். காதுத் தொற்றைத் தரும் கிருமிகளில் ஒன்றைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் போட்டுவிடுங்கள்.

காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கழுத்து விறைத்தாலோ, குழந்தை எழுப்ப எழுப்பத் துவண்டு கிடந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.