20 சதுர அடி, 20 அடி சதுரம், 20 சதுரம்: மூன்றும் ஒன்றுதானா?

கேள்வி இதுதான்: ஒரு கடையை வாடகைக்கு எடுக்கிறீர்கள். உரிமையாளர் வாயால் சொன்னது "இருபதுக்கு இருபது". ஒப்பந்தத்தில் தட்டச்சாகி வந்திருப்பது "20 சதுர அடி பரப்புள்ள கடை". கேட்டால், "சதுரமான கடைதானே சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறார். போதாக்குறைக்குப் பக்கத்தில் வேலை செய்யும் மேஸ்திரி "இது நாலு சதுரம் வரும்" என்று இன்னொரு கணக்கைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எது சரி?

உரிமையாளர் வாயால் சொன்னதும் மேஸ்திரி சொன்னதும் சரி. ஒப்பந்தத்தில் இருப்பது தவறு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள்.

இருபதுக்கு இருபது கடை 400 சதுர அடி. 20 சதுர அடி என்றால் 4 அடிக்கு 5 அடி. 6 அடிக்கு 3 அடி ஒற்றைக் கட்டிலே 18 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். இருபதில் ஒரு பங்கு இடத்தை எழுதிக் கொடுத்துவிட்டு முழுக் கடைக்கும் வாடகை வாங்குவதாக ஆகிவிடும்.

நான் டெல்டா பக்கம் கட்டட வரைபடம் போடுவதும், மனை அளந்து கொடுப்பதுமாக வேலை பார்க்கிறேன். நன்றாகப் படித்தவர்கள், பத்திரம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் கையிலும் இந்த இடம் வழுக்குவதைப் பார்க்கிறேன். காரணம் அறியாமை அல்ல. "சதுரம்" என்ற ஒரே சொல்லை நாம் மூன்று வேலைக்கு வைத்திருக்கிறோம்.

"20 சதுர அடி" என்பதில் சதுரம் அடியோடு ஒட்டிக்கொண்டது. ஓர் அடி நீளம் ஓர் அடி அகலம் உள்ள துண்டுதான் சதுர அடி, அப்படி 20 துண்டு. இடம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பற்றி இந்தச் சொல் ஒன்றுமே சொல்லவில்லை. 400 சதுர அடி என்பது 20க்கு 20 ஆகவும் இருக்கலாம், 10க்கு 40 ஆகவும் இருக்கலாம், 8 அடி அகலத்தில் 50 அடி நீளும் சந்து மாதிரிக் கடையாகவும் இருக்கலாம்.

"20 அடி சதுரம்" என்பதில் சதுரம் வடிவத்தைச் சொல்கிறது. ஒவ்வொரு பக்கமும் 20 அடி. பரப்பை நாம்தான் பெருக்கிக்கொள்ள வேண்டும்: 400.

வெறும் "20 சதுரம்" என்று மேஸ்திரி சொன்னால் அது 2000 சதுர அடி. கட்டட வேலையில் ஒரு சதுரம் என்பது 100 சதுர அடி. "எட்டு சதுரம் வீடு" என்றால் 800 சதுர அடி வீடு. உங்கள் கடையை நாலு சதுரம் என்றது இந்தக் கணக்கில்தான்.

ஆக அதே 20, சொல் இடம் மாறும்போது 20 ஆகவும் 400 ஆகவும் 2000 ஆகவும் நிற்கிறது. சதுர அடியும் அடி சதுரமும் சமமாக வருவது 1 என்ற எண்ணில் மட்டும்தான். 2 அடி சதுரம் 4 சதுர அடி, 10 அடி சதுரம் 100 சதுர அடி. எண் ஏற ஏற இடைவெளி பயங்கரமாக விரியும்.

விளம்பரங்களில் "20×20 சதுர அடி" என்று ஒரு கலப்பு எழுத்தும் வருகிறது. 20 அடி × 20 அடி என்று எழுத வேண்டியது அது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, படிப்பவருக்கும் புரிந்துவிடும். ஆனால் இதையே யாராவது சுருக்கி எழுதும்போது ஒரு 20 விழுந்துபோய் "20 சதுர அடி" ஆகிவிடுகிறது. உங்கள் ஒப்பந்தத்திலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, பரப்பைச் சரியாக எழுதிவிட்டால் முடிந்ததா? அங்கேதான் பெரிய தகராறே ஆரம்பிக்கிறது. 400 சதுர அடி என்றால் எங்கிருந்து எங்கே அளந்தது?

உள்கூடு 10க்கு 10 உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். தரை 100 சதுர அடி. சுற்றிலும் 9 அங்குலச் சுவர். வெளி அளவு எடுத்தால் 11½ அடிக்கு 11½ அடி, அதாவது 132 சதுர அடிக்குச் சற்று மேல். அதே அறைதான், சுவர் மட்டும் 32 சதுர அடி. மனையடி பார்ப்பவர் உள்கூட்டைத்தான் கேட்பார். மேஸ்திரி கூலி பேசுவது பெரும்பாலும் வெளி அளவுக்கு. வீட்டுக்காரர் மனதில் 100 ஓடிக்கொண்டிருக்கும், பில் 132க்கு வரும். இருவரும் நேர்மையானவர்களாகவே இருந்தும் சண்டை வரும் இடம் இது. படிக்கட்டு, போர்டிகோ, சன்ஷேடு எல்லாம் கணக்கில் உண்டா, முழுசா பாதியா என்று முன்கூட்டியே பேசாமல் விட்டால் அது இன்னும் வளரும்.

அடுக்ககங்களில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், நாம் 'ரெரா' என்று சொல்வது, கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப்பரப்பு, என்றால் என்ன என்பதை வரையறுத்திருக்கிறது: வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டைமாடி, குழாய்கள் போகும் ஷாஃப்ட் இவை சேராது, வீட்டுக்குள் அறைகளைப் பிரிக்கும் சுவர் சேரும். 'சூப்பர் பில்டப்' என்பதில் லிஃப்ட், படிக்கட்டு, நடைபாதை எல்லாவற்றின் பங்கும் ஏறிவிடும். 1000 சதுர அடி ஃபிளாட் என்று யாராவது சொன்னால் எந்த 1000 என்று கேளுங்கள். யு.டி.எஸ். என்பது வேறு, அது நிலத்தில் உங்கள் பங்கு.

பரப்பை இன்னொரு அளவுக்கு மாற்றும்போதுதான் அதிகப் பிழை. ஒரு மீட்டர் 3.28 அடி என்பது எல்லோருக்கும் தெரியும். பட்டாவில் சதுர மீட்டரைப் பார்த்ததும் அதே 3.28ஆல் பெருக்கிவிடுகிறார்கள். அரை கிரவுண்ட் மனை, அதாவது 1200 சதுர அடி, சதுர மீட்டரில் ஏறக்குறைய 111.5. அதை 3.28ஆல் பெருக்கினால் 366 வரும். "எங்க மனையை யாரோ சாப்பிட்டுட்டாங்க" என்று பதறி வந்தவர்களைத் தேற்றி அனுப்பியிருக்கிறேன். நீளமும் மாறுகிறது, அகலமும் மாறுகிறது, ஆகவே இரண்டு தடவை பெருக்க வேண்டும்: ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. இதே காரணத்தால்தான் ஒரு சதுர அடியில் 12 அல்ல, 144 சதுர அங்குலம். ஒரு சதுர கஜத்தில் 3 அல்ல, 9 சதுர அடி.

கிராமப் பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். இந்த 'ஏர்' ஏக்கரும் அல்ல, சென்ட்டும் அல்ல. ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1076 சதுர அடி, கிட்டத்தட்ட 2.47 சென்ட். பட்டாவில் 4 ஏர் என்று போட்டிருந்தால் உங்களிடம் இருப்பது பத்து சென்ட்டுக்குச் சற்றே குறைவு. சென்ட் என்பது ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, 435.6 சதுர அடி. இந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது என்றால், 66 அடி நீளமுள்ள அளவுச் சங்கிலியிலிருந்து. ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி 4356 சதுர அடி, அதுதான் பத்து சென்ட். அப்படிப் பத்து சேர்ந்தால் ஓர் ஏக்கர், 43,560 சதுர அடி.

எங்கள் பக்கத்துப் பழைய கணக்கில் இந்தக் குழப்பமே கிடையாது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 12 அடிக் கோலால் ஒரு கோல் நீளம் ஒரு கோல் அகலம் இருந்தால் அது ஒரு குழி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. நீளத்துக்குக் கோல், பரப்புக்குக் குழி. இரண்டுக்கும் பெயரே வேறு என்பதால் ஒன்றை இன்னொன்றாக எண்ண வழியில்லை. கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறும் என்பதுதான் அதிலுள்ள சிக்கல். இன்றும் இங்கே வயல் விலை பேசும்போது மாக் கணக்குதான் வாயில் வருகிறது. ஒரு மா சுமார் 33 சென்ட், மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர்.

பழைய பத்திரம் எழுதியவர்களிடமும் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. "கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 60 அடி, ஆக 2400 சதுர அடி மனை" என்று எழுதுவார்கள். நான்கு எல்லையையும் தனியாகச் சொல்வார்கள். பரப்பில் கை தவறினாலும் நீள அகலம் காப்பாற்றும், அதிலும் தவறினால் எல்லை காப்பாற்றும். பத்திரத்தில் அளவும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக நீதிமன்றங்கள் எல்லைக்குத்தான் முதலிடம் கொடுக்கின்றன. இப்போது பலர் "சுமார் 2400 சதுர அடி" என்று ஒற்றை எண்ணோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. நீள அகலம் இல்லாத பரப்பு, யாராலும் சரிபார்க்க முடியாத பரப்பு.

ஒரு எச்சரிக்கை. நீள அகலம் இருந்தாலும் மனை கோணலாக இருந்தால் பெருக்கல் பொய் சொல்லும். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி, பாதியாக்கி, பெருக்குவது ஊர் வழக்கம். மூலை மட்டம் இல்லாத மனையில் இது எப்போதும் உண்மையைவிட அதிகமாகவே காட்டும், அதாவது வாங்குபவருக்கு நட்டம். முகப்பு 40 அடி, பக்கக்கோடு 60 அடி, ஆனால் பக்கக்கோடு சாய்ந்து போவதால் நேர் ஆழம் 57 அடிதான் என்று வையுங்கள். பத்திரம் 2400 என்று சொல்லும், நிலம் 2280தான் இருக்கும். மூலைக்கு மூலை ஒரு குறுக்களவு எடுத்து மனையை இரண்டு முக்கோணமாக்கிவிட்டால் சரியான பரப்பு கிடைத்துவிடும். புலப்படமும் (சர்வே எண்ணுக்கு உரிய நில அளவை வரைபடம்) இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கிறது, கையில் வைத்துக்கொண்டு அளங்கள்.

கால்குலேட்டர் செய்யும் ஒரு பிழையும் உண்டு. 10 அடி 6 அங்குலத்தை 10.6 என்று தட்டுவார்கள். அது 10.5. அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், பத்து அல்ல. ஓர் அறையில் ஒன்றிரண்டு சதுர அடிதான் போகும், வீடு முழுக்கச் சேர்த்தால் கணிசமாகிவிடும்.

டைல்ஸ் கடையிலும் கவனம் தேவை. "2 அடி டைல்ஸ்" என்பது 2க்கு 2, அதாவது ஒரு கல் 4 சதுர அடி. அட்டைப்பெட்டியில் 600 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் அது முழு இரண்டு அடி இல்லை. நாலு கல் பெட்டி 16 சதுர அடி என்று கணக்குப் போடுவது உண்டு, உண்மையில் 15.5தான் வரும். பெயின்ட் அடிக்கும் சதுர அடி சுவருடையது, தரையுடையது அல்ல: 10க்கு 10 அறையில் 10 அடி உயரச் சுவர் நான்கும் சேர்ந்து, கதவு ஜன்னலைக் கழிக்காமல், 400 சதுர அடி. சமையலறை மேடைக்கு ரன்னிங் அடியில், அதாவது நீளத்தை மட்டும் எண்ணி, விலை சொன்னால் அகலம் எத்தனை அடி வரைக்கும் அந்த விலை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஒப்பந்தம். "20 சதுர அடி பரப்புள்ள கடை" என்பதை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: "கிழமேல் உள் அளவு 20 அடி, தென்வடல் உள் அளவு 20 அடி, ஆக 400 (நானூறு) சதுர அடி தரைப்பரப்புள்ள கடை." முன்னால் வராந்தா இருந்தாலோ, மேலே பரண் இருந்தாலோ, அது இந்த 400க்குள் சேர்ந்ததா தனியா என்று இன்னொரு வரி. வாடகையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் அந்த விகிதமும் அதே பத்தியில் இருக்கட்டும். அடுத்த தடவை வாடகை ஏற்றும்போது எந்தப் பரப்பின் மேல் ஏற்றுகிறார் என்பது தெளிவாக இருக்கும்.

அதற்கு முன்னால் டேப்பைக் கொண்டுபோய் உரிமையாளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். 'இருபதுக்கு இருபது' என்று வாயால் சொல்வது பெரும்பாலும் வெளி அளவு. 9 அங்குலச் சுவர் நான்கு பக்கமும் போனால் உள்ளே 18½க்கு 18½தான், 342 சதுர அடி. அப்படி வந்தால் ஒப்பந்தத்தில் 400 என்று எழுத விடாதீர்கள், 342க்கு வாடகை பேசுங்கள்.