தாளிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி

இந்த மாசம் சமையல் சந்தேகம் கேட்டு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல நாய் சம்பந்தப்பட்டதுதான். போன இதழ்ல எங்க வீட்டு மணி அடுப்படி வாசல்ல படுத்துக்கிட்டு குக்கர் விசில் எண்ணுவான்னு ஒரு வரி எழுதிட்டேன், அதோட வினை. நான் டாக்டர் இல்ல, இருபது வருஷமா சமைக்கிறவ, ஒம்போது வருஷமா நாய் வளர்க்கிறவ, அவ்வளவுதான். அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

அக்கா, எங்க மாமியார் நாய்க்கு தெனம் சாம்பார் சாதம்தான் வைக்கிறாங்க. வெங்காயம், புளி எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்றார்னு சொன்னா, "எங்க ஊர்ல நாங்க வளர்த்த நாய் பதிமூணு வருஷம் இதைத் தின்னுதான் வாழ்ந்துச்சு, உங்க டாக்டருக்கு என்ன தெரியும்"னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது? – ஒரு வாசகி, திருச்சி

தங்கச்சி, உங்க மாமியார் பொய் சொல்லல. ஆனா டாக்டர் சொல்றதுதான் சரி. ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி உண்மையாகும்னு எனக்கு ஒரு தடவை பட்டுத்தான் புரிஞ்சுது.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஊர்ல இருந்து ஒரு மூட்டை சின்ன வெங்காயம் வந்துச்சு, வீட்ல விசேஷம் வேற, முழுசு முழுசா வெங்காயம் போட்டு ஒரு பெரிய அண்டா சாம்பார், அதுல மிஞ்சினத ஃப்ரிட்ஜ்ல வச்சு மூணு நாள் மணிக்கு சாதத்தோட பெசஞ்சு போட்டேன், வீணாக்க மனசு வரல, அவனும் தட்ட நக்கி நகத்திக்கிட்டே போயி செவுத்துல முட்டுற அளவுக்கு ரசிச்சுத் தின்னான். நான் கோலம் போட உக்காந்தா தெனம் வந்து மாவுக் கிண்ணத்துல மூக்க விட்டு தும்முறவன், அஞ்சாவது நாள் வரல. போய்ப் பாத்தா சாக்குல படுத்த மேனிக்கு கெடக்கான். குழாயடி வெள்ளைக் கல்லுல அவன் ஒண்ணுக்குப் போயிருந்தது கடுங்காப்பி கலர்ல இருந்துச்சு. உதட்ட தூக்கிப் பாத்தேன், ரோஸ் கலர்ல இருக்க வேண்டிய ஈறு வெளுத்த துணி மாதிரி இருக்கு. நாலு நாள் டிரிப்ஸ் ஏத்தி, ரத்தம் எடுத்துப் பாத்து, ஒரு மாசம் ஆச்சு பழைய மணியா வர்றதுக்கு.

அப்ப டாக்டர் விளக்கினதுதான் நான் இப்ப உங்களுக்குச் சொல்றது. வெங்காயம், பூண்டு, வெங்காயத் தாள் எல்லாம் ஒரே குடும்பம். அதுல இருக்கிற கந்தகச் சத்து நாயோட ரத்தச் சிவப்பணுவ ஒடைச்சிடுது. வேக வச்சாலும், வதக்கினாலும், பொடி பண்ணினாலும் அது போகாது. ஒடனே ஒண்ணும் தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சு, சில நேரம் அதுக்கும் மேல ஆகித்தான் தெரியும், அதனாலதான் யாரும் "சாம்பார்னால ஆச்சு"ன்னு சொல்றதே இல்ல, "திடீர்னு சோந்து போச்சு, போயிருச்சு"ன்னு சொல்லிட்டு கடந்துடுறாங்க. நாயோட எடையில ஒரு கிலோவுக்கு 15ல இருந்து 30 கிராம் வெங்காயம் போனா ரத்தத்துல மாத்தம் தெரியும்ங்கிறாங்க. மணி 11 கிலோ, கணக்கு போட்டா 165 கிராம், சின்ன வெங்காயத்துல கிட்டத்தட்ட ரெண்டு கைப்பிடி. கொஞ்சம் கொஞ்சமா தெனம் போனாலும் சேந்து வேலையக் காட்டும்.

உங்க மாமியார் ஊர் நாய்க்கு ஏன் ஒண்ணும் ஆகல? அந்தக் காலத்துல நாய்க்குப் போனது பெரும்பாலும் கஞ்சித்தண்ணி, பழைய சாதம், மேலாக ஊத்தின ரெண்டு கரண்டி தெளிஞ்ச சாம்பார். வெங்காயத்த மனுசங்களே பொறுக்கித் தின்னுருப்பாங்க. மிச்சத்துக்கு அது வயக்காட்டுல எலி புடிச்சுத் தின்னுருக்கும். நம்ம அப்பார்ட்மெண்ட் நாய்க்கு அந்த வசதி இல்ல, நாம வைக்கிறது மட்டும்தான்.

புளி விஷயம் புதுசு. திராட்சை தின்னா சில நாய்க்கு கிட்னி போயிரும்னு ரொம்ப நாளா தெரியும், ஏன்னு தெரியாம இருந்துச்சு. 2021ல அமெரிக்காவுல விஷமுறிவு மையத்து கால்நடை டாக்டருங்க ஒரு விஷயத்தக் கண்டுபுடிச்சாங்க. வீட்ல பசங்க வெளையாட பண்ணின மாவ ஒரு நாய் தின்னு அதே மாதிரி கிட்னி கெட்டுப் போச்சு, அந்த மாவுல போட்ட பொடி டார்டாரிக் ஆசிட் வகை. திராட்சையிலயும் அதுதான் இருக்கு, நம்ம புளியோட புளிப்புக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். புளி தின்னு பாதிச்ச நாய்களையும் பின்னாடி அவங்க எழுதியிருக்காங்க. நீர்க்க கரைச்ச ரசம் ஒரு ஸ்பூன் நக்கினா செத்துரும்னு நான் பயமுறுத்தல, ஆனா புளியோதரை, வத்தக்குழம்பு, புளி உருண்டை டப்பா இதெல்லாம் அதுக்கு எட்டாத எடத்துல இருக்கட்டும்.

மாமியார்கிட்ட "நீங்க செய்றது தப்பு"ன்னு போய் நிக்காதீங்க, வேலைக்கே ஆகாது. "அத்தை, பருப்பு வெந்ததும் உப்பு, புளி, வெங்காயம் போடுறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு கரண்டி எடுத்து வச்சிருங்க, உங்க கையாலதான் தின்னும்"னு சொல்லுங்க. எங்க வீட்ல இதுதான் சட்டம். தாளிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது மணிக்கு, தாளிச்சது நமக்கு. அவங்க பாசமும் கொறையாது, உங்க டாக்டரும் ஜெயிச்ச மாதிரி.

மேடம், பாக்கெட் தீவனம் கட்டுப்படியாகல. வீட்லயே சமைச்சுப் போட அளவு சொல்ல முடியுமா? நாட்டு நாய், 10 கிலோ, கருத்தடை ஆயிருச்சு, 3 வயசு. – ஒரு வாசகர், சேலம்

சொல்றேன் சார். இந்த மாதிரி நாய்க்கு ஒரு நாளைக்கு சுமாரா 600 கலோரி போதும். நான் பண்றது: எலும்பில்லாத கோழி 200 கிராம், அரிசி அரை ஆழாக்கு, மஞ்சள் பூசணி, கேரட், பீன்ஸ் எது இருக்கோ அது ஒரு கை, எண்ணெய் ஒரு டீஸ்பூன். மஞ்சத்தூள் ஒரு சிட்டிகை போடுறது நம்ம கை பழக்கம், போட்டா ஒண்ணும் ஆகாது. தண்ணி கொஞ்சம் கூட வச்சு குக்கர்ல மூணு விசில், ஆறினதும் மசிச்சு ரெண்டு வேளையா வைங்க. வாரத்துல ரெண்டு நாள் கோழி ஈரல் ஒரு சின்னத் துண்டு சேருங்க, தெனம் வேணாம், வைட்டமின் ஏ அதிகமாயிரும்.

எல்லாரும் கோட்ட விடுற எடம் கால்சியம். கறியும் சோறும் மட்டும் வருஷக்கணக்கா போட்டா எலும்புல இருந்து கால்சியம் எறங்கிரும், ஏன்னா கறியில பாஸ்பரஸ்தான் நெறைய. முட்டை ஓட்ட கழுவி, பத்து நிமிஷம் கொதிக்க வச்சு, வெயில்ல காய வச்சு, மிக்ஸில மாவா அரைச்சு ஒரு பாட்டில்ல வச்சுக்கங்க, உங்க நாய்க்கு தெனம் அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கம்மி. நறநறன்னு இருக்கக் கூடாது, திருநீறு மாதிரி இருக்கணும். துத்தநாகம், அயோடின் மாதிரி சில சத்து இதுலயும் கொறையும், அதனால டாக்டர்கிட்ட இந்த அளவக் காட்டி ஒரு சத்து மருந்து எழுதி வாங்கிக்கங்க. குட்டி நாய்க்கு இந்தக் கணக்கு செல்லாது, அதுக்கு வளர்ற வயசு, கண் மதிப்புல பண்ணாதீங்க.

நாங்க சைவம், முட்டை கூட வாங்க மாட்டோம். எங்க பையன் தெருவுல இருந்து ஒரு குட்டிய தூக்கிட்டு வந்துட்டான். தயிர்சாதம் போட்டா பாவமா? – ஒரு அம்மா, கும்பகோணம்

பாவம் இல்லம்மா, ஆனா பத்தாது. பூனைன்னா கறி இல்லாம முடியவே முடியாது, நாய் அப்படி இல்ல. மனுசனோட சேந்து நம்ம சோறத் தின்னு தின்னு அதோட ஒடம்பே மாறியிருக்கு: மாவுச்சத்த செரிக்கிற ஒரு ஜீன் ஓநாய்க்கு 2 பிரதிதான், நாய்க்கு 4ல இருந்து 30 வரைக்கும் இருக்குன்னு 2013ல சுவீடன் ஆராய்ச்சியாளருங்க எழுதினாங்க. அதுக்காக வெறும் சோறும் தயிருமா போட்டா குட்டி எப்படி வளரும்? புரதம் வேணும். குட்டியா இருக்கிற வரைக்கும் சத்து முழுசா சேத்த குட்டித் தீவனமே போடுங்க, சைவத்துலயும் டாக்டர் சொல்லுவார். உங்க திருப்திக்கு ஒரு வேளை குழைஞ்ச சாதம், வெந்த பருப்பு, புளிக்காத தயிர், உப்பில்லாம, தாளிக்காம. பெருங்காயம், கடுகு, பச்சமிளகாய் எதுவும் அதுக்குத் தேவையில்ல, அது என்ன நம்மள மாதிரி நாக்குக்கா சாப்பிடுது! அப்புறம், பாயசத்துல போடுற கிஸ்மிஸ் உலர்ந்த திராட்சைதான், மேல சொன்ன கதைதான். பாயசம் அதுக்குக் கெடையாது.

ஞாயித்துக்கெழமை ஆட்டுக்கறிக் குழம்புல இருக்கிற எலும்ப போடலாமா? – மூணு பேர் கேட்டிருக்காங்க

வேணாம். வெந்த எலும்பு கடிச்சா குச்சி குச்சியா ஒடையும், தொண்டையிலயோ கொடல்லயோ குத்தும். அதுவும் வெங்காயத்துலயும் பூண்டுலயும் ஊறின எலும்பு. மாம்பழ சீசன்ல மாங்கொட்டையும் இதே கேஸ், முழுசா முழுங்கிட்டு கொடல்ல அடைச்சு ஆபரேஷன் வரைக்கும் போகும். சதை மட்டும் ரெண்டு துண்டு குடுங்க, கொட்டைய நீங்க சப்புங்க.

எங்க 4 வயசுப் பொண்ணு நாய் சாப்பிடுறப்ப தட்டுல கைய விடுறா. நேத்து அது உறுமிருச்சு. என் வீட்டுக்காரர் நாய அடிச்சிட்டார். – ஒரு வாசகி, தூத்துக்குடி

அடிச்சது தப்பு, அண்ணன்கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க. உறுமுறது நாய் குடுக்கிற எச்சரிக்கை, நம்ம வண்டி ஹாரன் மாதிரி. ஹாரன புடுங்கிட்டா அடுத்து நேரா மோதும். நாய்க்கு சோறு வைக்கிறது பின்கட்டுலயோ பால்கனியிலயோ கதவு சாத்தின எடத்துல இருக்கட்டும், தட்டு காலியாகி அது வெளிய வந்தப்புறம் கதவு தொறங்க. பிள்ளைக்கு "அது சாப்பிடுது, நாமளும் சாப்பிடுறோம், யாரும் யார் தட்டுலயும் கை விட மாட்டோம்"னு தெனம் சொல்லிக்கிட்டே இருங்க, நாலு வயசுக்கு நூறு தடவை சொல்லணும்.

பல்லு லேசா பட்டாக்கூட, வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கோமேன்னு விட்டுறாதீங்க. மஞ்சப்பத்து, சுண்ணாம்பு, காப்பித்தூள் ஒண்ணும் வைக்காம, குழாயத் தொறந்து விட்டு சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க, கடிகாரத்தப் பாத்து, ஏன்னா அழுற பிள்ளைய வச்சுக்கிட்டு 2 நிமிஷமே 15 மாதிரி தெரியும். அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. தோலுக்குள்ள போடுற வெறிநாய்க்கடித் தடுப்பூசின்னா 0, 3, 7, 28ஆம் நாள், ஒண்ணு கூட விடக் கூடாது.

எங்க அப்பாவுக்கு 74 வயசு, அம்மா போனப்புறம் நாய்தான் அவருக்குத் தொணை. காலையில டீயில தொட்டு தொட்டு நாலஞ்சு பிஸ்கட் அதுக்குக் குடுக்குறார், சாயந்தரமும் அதே. நாய் உருண்டையா ஆயிருச்சு. நிறுத்தச் சொன்னா அவர் முகம் வாடிருது. – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, நிறுத்தச் சொல்லாதீங்க. அந்த டீ நேரம் நாய்க்காக இல்ல, அவருக்காக.

ஒரு சின்ன குளுக்கோஸ் பிஸ்கட் சுமாரா 20 கலோரிக்கு மேல, ரெண்டு வேளையும் சேத்து பத்துன்னா 200க்கு மேல போயிரும், 10 கிலோ நாய்க்கு அது ஒரு நாள் சாப்பாட்டுல மூணுல ஒரு பங்கு. தின்பண்டம் மொத்தத்துல பத்துல ஒரு பங்கத் தாண்டக் கூடாது. டீயும் கூடாது, அதுல இருக்கிற கஃபீன் நாய்க்கு ஆகாது, சர்க்கரை வேற. ஆனா நாய்க்கு எண்ணத் தெரியாதே! முழு பிஸ்கட்டும் ஒண்ணுதான், நகம் அளவு துண்டும் ஒண்ணுதான், அதுக்கு கை நீட்டுறதுதான் கணக்கு. ராத்திரியே ஒரு சின்ன டப்பாவுல ஒரே ஒரு பிஸ்கட்ட எட்டா ஒடச்சு போட்டு, கூட வேக வச்ச கேரட், பூசணித் துண்டு பத்து போட்டு அப்பா டீ டம்ளர் பக்கத்துல வச்சிருங்க. "இது அதோட டப்பா, காலையிலயும் சாயந்தரமும் நீங்கதான் குடுக்கணும், வேற யார் குடுத்தாலும் அது எங்கிட்ட வம்பு பண்ணுது"ன்னு பொறுப்ப அவர்கிட்டயே ஒப்படைங்க. எங்க அப்பாவுக்கு நான் இதத்தான் பண்ணினேன். முதல் வாரம் "கேரட் திங்கிற நாய எங்கயாச்சும் பாத்துருக்கியா"ன்னு திட்டினார். இப்ப மார்க்கெட் போனா கேரட் நல்லா இளசா இருக்கான்னு நகத்தால கீறிப் பாத்து அவரே வாங்கிட்டு வர்றார், எங்களுக்கு இல்ல, அவனுக்கு.