தண்ணீர் ஃபில்டருக்கு எந்த ஆக்டிவேட்டட் கார்பன் வாங்கலாம்?

போர் தண்ணீரின் உப்பு கார்பன் ஃபில்டரில் குறையுமா, சிரட்டைக் கரி வாங்குவதா நிலக்கரி வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உப்பு குறையாது. இதை நம்பிப் பணத்தை விடாதீர்கள். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, அப்படியேதான் இருக்கும். அதைக் குறைக்க ஆர்ஓ (சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை) வேண்டும். கார்பன் பிடிப்பது நாற்றம், நிறம், பூச்சிக்கொல்லி போன்ற கரிமப் பொருட்களை. குளோரினையும் நீக்கும், ஆனால் அது ஒட்டுவதில்லை, கார்பனோடு வினைபுரிந்து குளோரைடாக மாறிவிடுகிறது.

கரியை 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி நீராவி செலுத்தினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளமாக உண்டாகும். அதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராமுக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு! அந்தச் சுவர்களில்தான் அழுக்கு மூலக்கூறுகள் ஒட்டுகின்றன. ஆகவே துளையின் அளவு மூலக்கூறுக்குப் பொருந்த வேண்டும். சிரட்டைக் கரியில் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைந்த துளைகள். குடிநீரின் வாடைக்கும் குளோரினுக்கும் அதுவே சரி. கெட்டியானது, தூளும் குறைவு. மரக்கரியின் துளைகள் பெரியவை, சர்க்கரைப் பாகின் நிறம் எடுக்க ஏற்றவை. நிலக்கரி இரண்டுக்கும் நடுவில்.

உங்களுக்குச் சிரட்டைதான். மூட்டையில் அயோடின் எண் (கார்பன் எவ்வளவு பிடிக்கும் என்பதைக் காட்டும் அளவு) 900க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டதும் கறுப்புத் தண்ணீர் நிற்கும்வரை கழுவுங்கள், அப்புறம் குழாயை மெதுவாகவே திறங்கள். வேகமாக ஓடினால் ஒட்ட நேரம் கிடைக்காது. வாடை திரும்ப வந்தால் கார்பனை மாற்றிவிடுங்கள்.